வாடை நீவாடு

கப்பலில் ஏற்றப்பட்ட முதல் மூன்று நாளும் நான் குப்புறத்தான் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் சொல்தாவும் குப்புறத்தான். நாற்பதைத் தொடப்போகும் ஒருவனும் நாற்பதைத் தாண்டிய ஒருவரும், இடுப்புக்குக் கீழே ஒரு துணியும் இல்லாமல், ஏசிக் காற்றுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தோம். பத்தொன்பது நாள் உட்கார்ந்து துடுப்பு வலித்ததில் உட்காரும் இடம் பிய்ந்துபோயிருந்தது. உப்பு உள்ளே இறங்கிப் புண்ணாகி, புண் சீழ் வைத்து, அந்த அறைக்கே ஒரு வாசனை வந்துவிட்டது. எங்களை வழியனுப்ப மாலையோடு கடற்கரைக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் அப்போது வந்து எடுத்திருக்க வேண்டும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களைக் காரைக்காலில் சொல்தா என்போம். இவர் மாதா கோயில் தெருப்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பாதி வருஷம் பிரான்ஸ், பாதி வருஷம் இங்கே. அங்கிருந்து ஒரு துடுப்புப் படகைக் கன்டெய்னரில் ஏற்றிக்கொண்டு வந்தார். காரைக்காலிலிருந்து அந்தமானுக்கு எஞ்சின் இல்லாமல், பாய் இல்லாமல், இரண்டே பேர் கைபலத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கனவு. அரசாங்க அனுமதிகளுக்கே ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தார். துணைக்கு ஆள் தேடியபோது, காலையில் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்த என்னைப் பிடித்தார். நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். உடம்பு இருந்தது. ஆனால் அவர் என்னைப் பிடித்தது உடம்புக்காக அல்ல.

"தம்பி கிளிஞ்சல்மேடு. கடலைக் கரைச்சுக் குடிச்சவரு" என்றுதான் எல்லோரிடமும் என்னை அறிமுகம் செய்துவைத்தார். கிளிஞ்சல்மேடு எங்கள் மீனவர் ஊர். நான் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

நிஜம் வேறு. பதினாறு வயசுக்குப் பிறகு நான் கடலில் கால் நனைத்ததே நீச்சலுக்குத்தான். சுனாமியில் அப்பா போனார். அந்த வாரமே அம்மா எங்கள் இரண்டு பேரையும் பங்கு பிரித்துவிட்டாள். அண்ணனுக்கு அப்போது இருபத்தைந்து. "நீ தொழிலுக்குப் போ. சின்னவனைக் கடலுக்கு வுட மாட்டேன். எனக்கு ஒருத்தனாவது மிஞ்சணும்" என்றாள். அண்ணன் எதிரிலேயே சொன்னாள். மிஞ்ச வேண்டியவன் நான், போனாலும் பரவாயில்லாதவர் அண்ணன் என்று அவருக்குப் புரியாமலா இருந்திருக்கும்? மறு மாதம் வலை பின்னி, இரவல் படகில் தொழிலுக்குப் போனார். அவர் போய்வந்த கடலில்தான் நான் பட்டம் படித்தேன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், சாப்பிடும்போது அவர் வாயிலிருந்து உதிர்ந்த வார்த்தைகள்தான்.

இந்த அந்தமான் பயணத்துக்கு அம்மா சம்மதிக்கவில்லை. மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. கடைசியில் அண்ணன்தான் பேசினார். "தெனம் போன்ல நான் பாத்துக்கறேம்மா. வெளியத் தொழிலுக்குப் போய் வர்றவங்ககிட்ட விசாரிச்சு வழி சொல்லிடறேன். அவனுக்கு ஒண்ணுன்னா என்னைக் கேளு" என்றார். அம்மா அந்தக் கடைசி வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டாள். மற்றதெல்லாம் அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

எட்டு நாள் வரைக்கும் எல்லாம் திட்டப்படிதான் நடந்தது. இரண்டு மணி நேரம் ஒருவர் வலிப்போம், இன்னொருவர் முன்னால் இருக்கும் பெட்டி மாதிரியான அறைக்குள் சுருண்டு படுப்போம். வடக்கிலிருந்து காற்று விடாமல் அடித்து எங்களைத் தெற்கே ஒதுக்கப் பார்த்தது. நேர் கிழக்கில் நிற்பதற்கே உயிர் போனது. என் விரல்கள் துடுப்பைப் பிடித்த மாதிரியே மடங்கி இறுகிவிட்டன. காலையில் எழுந்ததும் பல்லால் கடித்து ஒவ்வொன்றாக நிமிர்த்துவேன்.

ஒன்பதாம் நாள் காலையில் சாட்டிலைட் போனில் அண்ணன் வந்தார். சூரை மீனுக்காக ஆழக்கடல் போய்த் திரும்பிய படகுக்காரர்களிடம் விசாரித்திருந்தார். "நீங்க போற பக்கம் வெளிய வாடை நீவாடு பலமா இருக்காம்டா. பாத்துக்க" என்றார். லைன் கரகரத்தது. வைத்துவிட்டார்.

நீவாடு என்றால் நீரோட்டம். வாடை என்றால் வடக்கு. அது வரைக்கும் எனக்குத் தெரியும். சொல்தா துடுப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நார்த் கரண்ட் சார். பலமா இருக்காம்" என்றேன். நோட்டை எடுத்து, 'கூரான் நோர்' என்று பிரெஞ்சில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: "அப்ப வடக்கே தள்ளும்ல, தம்பி?"

ஒரு கணம் தடுமாறினேன். வடக்கே போவதா, வடக்கேயிருந்து வருவதா? போன் என் கையில்தான் இருந்தது. பட்டனை அழுத்தி, 'அண்ணே, எந்தப் பக்கம் தள்ளும்?' என்று கேட்க அரை நிமிஷம் ஆகாது. ஆனால் அதை அவர் முன்னால் கேட்க வேண்டும். கடலைக் கரைத்துக் குடித்தவன் வாடை எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். இன்னொன்றும் உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வடக்கே தள்ளும் என்றால் நாங்கள் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. காற்று போகிற போக்கில் தென்கிழக்கே விட்டுவிடலாம், பின்னால் நீரோட்டமே எங்களைத் தூக்கி மேலே கொண்டுவந்துவிடும். அதாவது தூங்கலாம். எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது.

"ஆமா சார். வடக்கே தள்ளும்" என்றேன்.

நான்கு நாள் சுகமாகப் போனோம். அண்ணன் போனில் கேட்டபோதெல்லாம் 'நல்லாப் போறோம்' என்பதோடு வைத்துவிட்டேன். சொல்தா பாட்டெல்லாம் பாடினார். தினமும் ஜிபிஎஸ்ஸில் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தோம், நாமாக இறங்குவதுதானே என்று இருந்துவிட்டோம். ஐந்தாம் நாள் அந்த நீரோட்டத்துக்குள் நுழைந்தோம். அது எங்களை வடக்கே தூக்கவில்லை. கழுத்தைப் பிடித்துத் தெற்கே இழுத்தது. அடுத்த ஐந்து நாள் இரண்டு பேருமாக மாற்றாமல் வலித்தோம். பகலில் ஏறியதைத் தூங்கும்போது இழந்தோம். அந்தமானைத் தவறவிட்டு, நிக்கோபாருக்கும் கீழே, வெறும் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தோம். பதினெட்டாம் நாள் ஒரு அலை படகைக் கவிழ்த்து நிமிர்த்தியது. கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின் அதோடு செத்தது. சொல்தாவுக்குக் காய்ச்சல். மறுநாள் காலையில் என்னைப் பார்த்து, "போதுமா?" என்றார். ஆபத்து சமிக்ஞை அனுப்பும் கருவியின் மூடியை உடைத்து அவரே அழுத்தினார்.

சாயங்காலம் ஒரு நிலக்கரிக் கப்பல் வந்தது. எங்களை வலையில் தூக்கினார்கள். படகைத் தூக்க முடியாது என்று கேப்டன் கையை விரித்துவிட்டார். சொல்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது சின்னதாகிக் காணாமல் போகும் வரைக்கும் பார்த்தார். பிறகு கப்பல் எங்கே போகிறது என்று ஒரு மாலுமியிடம் கேட்டார். இந்தோனேசியாவிலிருந்து கரி ஏற்றிக்கொண்டு காரைக்கால் துறைமுகத்துக்கு என்றான் அவன். சொல்தா சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

கப்பலில் மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பு செகண்ட் ஆபீசர். தூத்துக்குடிக்காரர். முதல் நாள் கையுறை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குக் களிம்பு பூசினார். இரண்டாம் நாள் டியூபைக் கட்டிலில் வைத்துவிட்டு, "சார், நீங்களே ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கங்க. எனக்கு டியூட்டி இருக்கு" என்று கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் முதல் நாளே ஓடியிருப்பேன்.

அப்படியாக உடம்பு தேறியது. சமையல்காரர் கஞ்சி கொடுத்தார். குடித்ததும் வாந்தி எடுத்தேன், எடுத்ததும் மறுபடி கேட்டேன். நடக்கப் போனால் தரை அசையவில்லை என்பதே தடுமாற வைத்தது. நல்ல தண்ணீரில் குளித்தபோது தோல் உரிந்து தண்ணீர் போகும் சல்லடையில் அடைத்துக்கொண்டது. வாயெல்லாம் கரித்தூள் ருசி. கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது அப்பாவின் முகம் தெரிந்தது. அவரைக் கடைசியாகக் கண்டெடுத்தபோது இருந்த முகம். அதற்கப்புறம் கண்ணாடி பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் கொஞ்சம் நடக்க முடிந்ததும், மேலே கப்பலை ஓட்டும் அறைக்கு வரச்சொன்னார் செகண்ட் ஆபீசர். திரையில் கடல் வரைபடம் இருந்தது. எங்களை எடுத்த இடத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக அம்புக்குறிகள், எல்லாமே தெற்கு நோக்கி.

"இதுக்குள்ளயா துடுப்பு போட்டீங்க?" என்றார். "தெக்கால எப்படி இழுக்கு பாருங்க."

"ஆனா வாடை நீவாடுன்னு சொன்னாங்களே" என்றேன்.

"ஆமா, வாடைதான். எங்க ஊர்லயும் அப்படித்தான் சொல்லுவாக. வடக்கேருந்து வருதுல்ல? கடக்கரையில காத்தோ நீவாடோ, எங்கேருந்து வருதோ அதுதான் பேரு. கப்பல்ல அப்படி இல்ல. காத்துக்கு வர்ற தெசையோட பேரு, கரண்டுக்குப் போற தெசையோட பேரு. இதையே நாங்க சவுத் கரண்ட்டுன்னுதான் எழுதுவோம்." அவருக்கு அது ஒரு சுவாரசியமான விஷயம். "புதுசா வர்ற பயலுவ எல்லாம் இதுல கொழம்புவானுவ. கடக்கரைக்காரன் கொழம்ப மாட்டான். அவனுக்குத்தான் தெரியுமே."

அவர் கையில் இருந்த டீயை எனக்குக் கொடுத்தார். குடித்தேன்.

கீழே இறங்கிவந்தபோது முடிவெடுத்திருந்தேன், சொல்தாவிடம் சொல்லிவிடுவது என்று. இது நிஜம். படிக்கட்டில் வார்த்தைகளைக்கூட அடுக்கிவைத்திருந்தேன்.

அறைக்குள் போனதும், "வா, படு. இன்னைக்கு எனக்கு முறை" என்றார். படகில் பத்தொன்பது நாளும் 'தம்பி, நீங்க' என்றவர் கப்பலுக்கு வந்ததும் 'நீ'க்கு மாறியிருந்தார். குப்புறப் படுத்தேன். களிம்பைப் பிதுக்கிப் புண்ணில் வைத்தார். பட்டாளத்தில் பழகிய கை, மெதுவாகத்தான் பூசினார். பூசிக்கொண்டே பேசினார்.

"ஒன்பதாம் நாள் நோட்டைப் பாத்தேன். எல்லாம் அங்கதான் போச்சு. உன் அண்ணன்தான்."

நான் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவனோ சொன்னதைக் கேட்டு அப்படியே அடிச்சு விட்டிருக்காரு. கடல்ல பொறந்து வளந்த ஆளு. எந்தப் பக்கம் ஓடுதுன்னுகூடத் தெரியாமயா? நான் எத்தனை வருஷம் இதுக்காக..." களிம்பு பூசிய விரல் ஒரு கணம் அழுந்தியது. நான் கத்தினேன். "மன்னிச்சுக்க" என்று மறுபடியும் மெதுவாகப் பூசினார். "உன் மேல கோவம் இல்ல. நீ கேட்டதைச் சொன்ன. இதை நான் சும்மா விட மாட்டேன். ஊர்ல ஒவ்வொருத்தனும் என்னைத்தான் கேப்பான், ஏன் பாதியில வந்தேன்னு. நான் என்ன சொல்றது? பட்டாளத்தான் பயந்துட்டான்னு சொல்லுவான்."

அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளாக நான் இருக்க வேண்டாம் என்று அவரே முடிவு செய்திருந்தார். படிக்கட்டில் அடுக்கிவைத்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை. என் முறை வந்தபோது எழுந்து அவருக்குக் களிம்பு பூசினேன். நன்றாகவே பூசினேன்.

அன்று மாலை காரைக்காலுக்கு எதிரே நங்கூரம் போட்டோம். துறைமுகத்தில் இடமில்லை, முன்னால் இரண்டு கப்பல் காத்திருக்கின்றன என்றார்கள். எங்களை மட்டும் தனியாக இறக்கக் காகிதங்கள் கூடி வரவில்லை. நான்கு நாள் அங்கேயே நின்றோம். மேற்கே துறைமுகத்துக் கிரேன்கள், கரிக் குவியல். வடக்கே கலங்கரை விளக்கம். என் பள்ளிக்கூடப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிகிற மாதிரி இருந்தது. வீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு, கட்டிலில் குப்புறக் கிடந்து உடம்பைத் தேற்றினோம். கப்பல் ஏஜென்ட் மூலம் வீட்டுக்குச் சேதி போயிருந்தது, இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்று.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு பைபர் படகு கப்பலை நோக்கி வந்தது. எஞ்சின் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனும் அவர் கூடத் தொழில் செய்கிற மூன்று பேரும். மேலே நின்ற காவல் மாலுமி தள்ளிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினான். செகண்ட் ஆபீசர் வந்து அவனிடம் ஏதோ சொல்லிச் சமாதானம் செய்தார். அண்ணன் படகைக் கப்பலின் நிழலுக்குள் கொண்டுவந்து, எஞ்சினைக் குறைத்து, கழுத்தை ஒடித்து மேலே பார்த்தார். பளபளப்பான வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தொழிலுக்குப் போகிறபோது அதைப் போட மாட்டார், கல்யாணத்துக்குப் போடுவது.

"எளச்சுப் போயிட்டியேடா" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சொல்தா என்னை இடித்துக்கொண்டு வந்து கம்பியில் சாய்ந்தார்.

"நல்லா பாத்துக்கங்க. உங்க தம்பி உயிரோட இருக்கான். உங்க பேச்சைக் கேட்டதுக்கு இது பெரிசு."

"என்ன சார் சொல்றீங்க?"

"நீவாடு வடக்கே தள்ளும்னு சொன்னீங்களே, அதைச் சொல்றேன். தெக்கேல்ல இழுத்துட்டுப் போச்சு. தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே? இந்த மூணு பேரையும் இப்படித்தான் கடலுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

படகில் இருந்த மூன்று பேரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அந்த நாட்களில் வெளியே ஓடியது வாடை என்று. கரை முழுக்கத் தெரியும். அண்ணன் அவர்களையும் பார்க்கவில்லை, சொல்தாவையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"தம்பி, வடக்கே தள்ளும்னா சொன்னேன்?"

அது கேள்வி அல்ல. எனக்காக அவர் திறந்துவைத்த கதவு. 'இல்லண்ணே, நீங்க வாடைன்னுதான் சொன்னீங்க, நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்' என்று நான் நுழைந்து வந்திருக்கலாம். கொஞ்சம் சிரிப்பார்கள். ஒரு வாரம் கேலி செய்வார்கள். சொல்தா என்னை அடித்தே இருக்கலாம். அவ்வளவுதானே? மேலே நின்றுகொண்டு, கம்பியைப் பிடித்த விரல்களை நிமிர்த்த முடியாமல், கீழே இருக்கும் நான்கு முகங்களையும் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பேசுகிற தெளிவான குரலில் சொன்னேன்:

"ஆமாண்ணே. வடக்கே தள்ளும்னுதான் சொன்னீங்க."

மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

படகு ஒரு தடவை கப்பலில் மோதி விலகியது. அண்ணன் குனிந்து, எஞ்சின் கைப்பிடியைத் துணியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அப்ப நான்தான் தப்பா சொல்லிப்புட்டேன் போல" என்றார். பிறகு, "கயிறு போடச் சொல்லு. அம்மா கொழம்பு குடுத்துருக்கு."

கயிற்றில் தூக்குப் பாத்திரத்தைக் கட்டினார். நான் இழுத்தேன். விரல் மடங்கியே இருந்ததால் கயிறு நழுவவில்லை, அதற்காவது உதவியது. சங்கரா மீன் குழம்பு, தனியாகச் சோறு. படகு திரும்பிப் போவதைக்கூட நான் நின்று பார்க்கவில்லை. அறைக்குப் போய், நின்றபடியே, வழித்து வழித்துத் தின்றேன். சொல்தாவுக்கு ஒரு வாய் கொடுக்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது. துக்கத்தில் தொண்டையில் இறங்கவில்லை என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். இறங்கியது.

கப்பலைக் கரையோடு கட்டிய அன்று அண்ணன் பைக்கோடு துறைமுக வாசலில் நின்றார். சொல்தாவை அவர் குடும்பம் காரில் கூட்டிக்கொண்டு போய்விட்டது. என்னால் உட்கார முடியாது என்று அண்ணன் பின் சீட்டில் தலையணை கட்டிவைத்திருந்தார். அரசலாற்றுப் பாலத்தின் மேல் வந்தபோது, "அண்ணே, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும்டா" என்றார். "கிளிஞ்சல்மேட்டுல பொறந்துட்டு வாடை எந்தப் பக்கம்னு தெரியலன்னு அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது? எனக்கே வெக்கமா இருந்துச்சு."

கன்னத்தில் அறைந்திருந்தால் வலி ஒரு நாளில் போயிருக்கும். பைக்கை நிறுத்தாமலே சொன்னார். பள்ளம் வந்த இடத்தில் மட்டும் எனக்காக மெதுவாகப் போனார்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்கு மெதுவாக நடக்கவில்லை. கூட இருந்த மூன்று பேரில் ஒருவன் அந்த வாரமே வேறு படகுக்குப் போனான். இன்னொருவன் அடுத்த மாதம். மீன் ஏலம் போடுகிற இடத்தில் அவருக்குப் பேர் வைத்தார்கள்: 'வடக்கு'. "என்ன வடக்கு, இன்னைக்கு நீவாடு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் சால்வை போட்டார்கள். அண்ணன் பேச்சைக் கேட்டு ஏமாந்தும் உயிரோடு திரும்பியவன் என்று தலைமையாசிரியர் பேசினார். கைதட்டினார்கள். சால்வையை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அம்மா விஷயம்தான் மோசம். ஊர் அவரை முட்டாள் என்றது. அம்மா அப்படி நினைக்கவில்லை. அவள் மகன் முட்டாள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வாடை ஓடுகிறது என்று தெரிந்த ஒருவன் வடக்கே தள்ளும் என்று சொன்னான் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் அவளுக்குத் தெரிந்தது. சின்னவன் மிஞ்ச வேண்டும் என்று இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் சொன்ன வார்த்தையை அவன் மனசிலேயே வைத்திருந்தான், சமயம் பார்த்துத் தீர்த்துக்கொண்டான். பக்கத்து வீட்டில்தான் அண்ணன் குடியிருந்தார். அம்மா அவரோடு பேச்சை நிறுத்தினாள். அவர் கொண்டுவந்து வைக்கிற மீனைப் பூனைக்குப் போட்டாள்.

இதையெல்லாம் நான் கூட இருந்து பார்த்தேன். கல்யாணம் ஆகாதவன், அம்மாவோடுதான் இருக்கிறேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது மாதம் ஓட்டினேன். உடம்பு முழுசாகத் தேறிவிட்டது. உட்கார முடிந்தது, ஓட முடிந்தது. விரல்களும் ஒவ்வொன்றாக நிமிர்ந்துவிட்டன.

அப்பாவுக்குப் படைக்கிற நாள் வந்தது. அன்றைக்கு மூத்த மகன் வந்தாக வேண்டும், அம்மாவும் சோறு போட்டாக வேண்டும். கொடுவா மீன் குழம்பு, அப்பாவுக்குப் பிடித்தது. படைத்து முடித்து நானும் அண்ணனும் இலையில் உட்கார்ந்தோம். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் என்னிடம், "அவனுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு" என்றாள். ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம் நான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது. "அம்மா, போதும். அண்ணன் சரியாத்தான் சொன்னாரு. வாடைன்னுதான் சொன்னாரு. அது எந்தப் பக்கம்னு எனக்குத்தான் தெரியல. கப்பல்ல வச்சு நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"கடக்கரையில பொறந்த புள்ளைக்கு வாடை தெரியாதா? யாருகிட்டடா கத வுடுற?" என்று என் தலையைத் தடவினாள். "அண்ணனைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு பழியைத் தூக்கி ஒன் தலையில போட்டுக்கற. உங்கப்பா மனசுடா ஒனக்கு."

பிறகு ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அண்ணனைப் பார்த்து நேரடியாகப் பேசினாள்: "பாத்துக்க. நீ யாரைக் கொல்லப் பாத்தியோ, அவன்தான் ஒனக்காகப் பொய் சொல்றான்."

அண்ணன் இலையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கப்பலுக்குக் கீழேயிருந்து பார்த்த அதே பார்வை. இன்னொரு தடவை சொல்வேனா என்று பார்த்தார். சொல்லியிருக்கலாம். கத்தியிருக்கலாம், செகண்ட் ஆபீசர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம், சாமி படத்தின் மேல் சத்தியம் செய்திருக்கலாம். அம்மாவின் கை இன்னும் என் தலையில்தான் இருந்தது. நான் குனிந்துகொண்டேன்.

"சோறு வேணாம். மோர் மட்டும் ஊத்தச் சொல்லு" என்றார் அண்ணன், என்னிடம்.

அண்ணனுக்கென்று சட்டியில் ஒதுக்கிவைத்திருந்த நடுத்துண்டத்தை அம்மா எடுத்து என் இலையில் வைத்தாள். முள்ளைக்கூட அவளே எடுத்துக் கொடுத்தாள். நான் சாப்பிட்டேன்.